அரை மணி நேரக் கசப்பு

மந்தைவெளியில் அப்பா இருக்கும் ஃப்ளாட்டின் பரணில் முப்பது லிட்டர் கொள்ளும் ஒரு எவர்சில்வர் பாத்திரம் கவிழ்ந்து கிடக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன்பு சியாட்டிலில் இருந்து நான் திரும்பியபோது சாமான்களோடு வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்றே அப்பா கேட்டார்.

"இதுல என்னடா காய்ச்சின?"

"பீர்."

"சாராயமா!"

"இல்லப்பா. சாராயம் வடிக்கிறது. இது கொதிக்க வச்சு, ஆற வச்சு, புளிக்க விடறது."

"ரெண்டும் காய்ச்சறதுதான?"

பதில் சொல்ல முடியவில்லை. தமிழில் பாலையும் காய்ச்சுகிறோம், கஷாயத்தையும் காய்ச்சுகிறோம், கள்ளச் சாராயத்தையும் காய்ச்சுகிறோம். உடம்பு சுட்டால் அதற்குப் பெயரும் காய்ச்சல்தான். நெருப்பு, நேரம் இரண்டும் சேர்ந்து ஒரு பொருளை மாற்றினால் நமக்கு அந்த ஒரு சொல் போதும்.

அந்தப் பாத்திரம் இங்கே வந்த பிறகு அடுப்பில் ஏறவில்லை. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். 1937இல் ராஜாஜி ஆட்சியில் வந்து, சேலத்தில் முதலில் அமலான மதுவிலக்குச் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. அரசே டாஸ்மாக் கடைகளில் விற்கலாம், நான் என் அடுப்பில் வைக்கக் கூடாது. அமெரிக்காவில் இதற்கு 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அனுமதி கொடுத்தது. அங்கே இருந்த வருடங்களில் மாதம் ஒருமுறை காய்ச்சினேன். அப்போது கற்ற ஒரு சின்னக் கணக்கு சமீபத்தில் என்னைப் பெரிய சிக்கலில் மாட்டிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

பீர் காய்ச்சாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஓர் இனிப்புச் சாறு வரும். அதைச் சுமார் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். கொதிக்கும்போது ஹாப்ஸ் போட வேண்டும். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து இரண்டு வாரம் விட்டால் பீர்.

ஹாப்ஸ் ஒரு ஏறுகொடியின் பெண் பூ. பச்சை நிறக் குட்டிக் கூம்பு போல இருக்கும், பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி விளையும் யாக்கிமா பள்ளத்தாக்கு சியாட்டிலில் இருந்து இரண்டரை மணி நேரக் கார் பயணம். அந்த மஞ்சள் தூளில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று ஆல்ஃபா அமிலங்கள். இவை அப்படியே தண்ணீரில் சரியாகக் கரையாது. கொதிக்கக் கொதிக்க மூலக்கூறு தன் அமைப்பை மாற்றிக்கொண்டு கரைகிறது, அதுதான் பீரின் கசப்பு. இதற்கு நேரம் வேண்டும். இன்னொன்று வாசனை எண்ணெய்கள். இவை கொஞ்ச நேரத்திலேயே ஆவியோடு பறந்துவிடும். ஆகவே ஹாப்ஸைத் தவணை தவணையாகப் போடுவார்கள். கசப்புக்கு ஆரம்பத்தில் ஒரு பங்கு, ருசிக்கும் மணத்துக்கும் கடைசியில் ஒரு பங்கு.

வேலை நாளில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அடுப்பைப் பற்றவைக்கிற ஆளுக்கு ஒரு மணி நேரக் கொதி என்பது பெரிய செலவு. அரை மணியில் முடிக்க முடியுமா? முடியும். க்ளென் டின்செத் என்பவர் தந்த ஒரு வாய்ப்பாட்டைத்தான் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அதிகம் நம்புகிறார்கள். அதன்படி கசப்பு ஏறுவது நேர்கோடு அல்ல. முதலில் விறுவிறுவென்று ஏறிப் பிறகு தளர்ந்துவிடும். அறுபது நிமிடத்தில் கிடைக்கும் கசப்பில் ஏறக்குறைய 77 சதவீதம் முதல் முப்பது நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. விட்டதைப் பிடிக்க ஹாப்ஸை 30 சதவீதம் கூட்டினால் போதும். 30 கிராம் போட வேண்டிய இடத்தில் 39 கிராம். பதினைந்து நிமிடம்தான் இருக்கிறதா? இரண்டு மடங்கு. ஐந்தே நிமிடமா? ஐந்து மடங்கு.

கணினிக்காரனுக்கு இதைவிட இன்பம் உண்டா? நேரத்தைப் பொருளாக மாற்றும் விகிதம் கையில் கிடைத்துவிட்டது. ஒன்பது கிராம் ஹாப்ஸ் கொடுத்தால் அரை மணி நேரம் திரும்பக் கிடைக்கும்.

*

என் சிக்கல் இது. போன ஆனி மாதம் அலுவலகத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மீண்டும் சியாட்டில், இரண்டு படி மேலான வேலை. ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா இல்லை. அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோதுதான் நான் இங்கே திரும்பினேன். எட்டு மாதம் அவளோடு இருக்கக் கிடைத்தது. அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது, மந்தைவெளியில் தனியாக இருக்கிறார். நானும் மனைவியும் திருவான்மியூரில். கூப்பிட்டால் வரமாட்டார். "இங்க கீரைக்காரம்மாவுக்குக்கூட என் பேர் தெரியும். அங்க வந்து லிஃப்ட் பட்டனை அமுக்கிட்டு இருக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன். அடையாறு பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் மூன்று மணி நேரம் இருப்பேன். வருடத்துக்கு 52 ஞாயிறு, 156 மணி நேரம். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் மறுபக்கக் கணக்கையும் போட்டேன். சியாட்டில் போனால் வருடத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் விடுமுறையில் வந்து அப்பாவோடு மந்தைவெளியிலேயே தங்கலாம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றாலும் 21 நாளில் 168 மணி நேரம்.

ஆக, கடல் தாண்டிப் போனால் அப்பாவோடு நான் இருக்கும் நேரம் 12 மணி நேரம் கூடுகிறது!

கணக்கில் தப்பு இல்லை, திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆனாலும் எங்கேயோ இடித்தது. க்வாலிட்டி டைம் என்று நாம் சொல்வதும் டின்செத் வாய்ப்பாடும் ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, ஹாப்ஸைக் கூடப் போடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மூன்று மணி நேரத்துக்குள் அப்பாவை டி.நகருக்கு அழைத்துப் போய்ச் சட்டை எடுத்து, ஹோட்டலில் சாப்பிட வைத்து, அவர் போனில் ஆப்களை அப்டேட் செய்து, ஃப்ரிட்ஜை நிரப்பி, மாத்திரை டப்பாவை அடுக்கிவிட்டுக் கிளம்புவேன். ஒரு நாள் மாடிப்படியில் நின்று அவர் சொன்னார்: "அடுத்த வாரம் எங்கயும் வேணாம்டா. நீ வந்துட்டுப் போனா எனக்குப் படுக்கணும் போல இருக்கு."

ஹாப்ஸை மடங்கு மடங்காகக் கூட்டினால் கசப்புக் கணக்கு சரியாக வரும், ஆனால் பீரில் ஒரு பச்சிலை நெடி ஏறும், நாக்கில் துவர்ப்பு ஒட்டும். கசப்புக்காகத்தான் போட்டோம், இலையும் சேர்ந்துதானே இறங்குகிறது.

*

உவமைகள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அப்பா பீர் அல்ல. ஆகவே இந்த யோசனையை வேறொரு அடுப்பில் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் வந்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஆடியில் அப்பாவுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்து, பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, "நிலவேம்பு வச்சுக் குடுடா, வாய்க்கு நல்லா இருக்கும்" என்றார். மயிலாப்பூர் கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் பொடி வாங்கி வந்தேன். டெங்கு காலத்தில் அரசு மருத்துவமனைகளில் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்களே, அதே நிலவேம்புக் குடிநீர்தான். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் அம்மா எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. "நாலு டம்ளர் ஒரு டம்ளரா வத்தணும். சின்னத் தீ."

எத்தனை நிமிடம் என்று எழுதவில்லை. கஷாய முறைகளில் பொதுவாகவே நிமிடம் இருக்காது. நாலில் ஒன்றாக, எட்டில் ஒன்றாக என்று மிஞ்ச வேண்டிய அளவுதான் இருக்கும். கடிகாரம் இல்லாத வீட்டிலும் செய்யக்கூடிய முறை. புத்திசாலித்தனம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக நான் நுழைந்தேன். பெரிய பர்னரில் முழுத்தீ வைத்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் நாலு டம்ளர் ஒரு டம்ளராகிவிட்டது. நிபந்தனை நிறைவேறியது, டெஸ்ட் பாஸ்.

அப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பார்த்தார். "சுடுதண்ணில சந்தனம் கரைச்ச மாதிரி இருக்கு."

மறுநாள் பொடியை இரண்டு மடங்காகப் போட்டு அதே முழுத்தீ. இப்போது கசந்தது.

"கசக்குதாப்பா?"

"கசக்குது. தொண்டையிலயே நிக்குது."

மூன்றாம் நாள் சின்னத் தீ. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். சித்த மருத்துவத்தில் தீயையே தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று பிரித்து வைத்திருப்பதைப் படித்திருக்கிறேன். எவ்வளவு வற்றியது என்பதோடு எப்படி வற்றியது என்பதும் அவர்களுக்குக் கணக்குதான். அம்மாவின் சீட்டிலும் இரண்டாவது வாக்கியமாக அது இருந்தது, எனக்குத்தான் அது குறிப்பாகப் படவில்லை.

*

அந்த முக்கால் மணி நேரம் அடுப்படியில் நின்றபோது, நேரம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டேன். பீர் விஷயத்தில் எனக்குப் பதில் தெரியும். ஒரு மணி நேரக் கொதி ஒரு வேலையைச் செய்வதில்லை, பல வேலைகளைச் செய்கிறது.

ஒன்று, எடுப்பது. ஹாப்ஸிலிருந்து கசப்பை இறக்குவது. இதற்கு டின்செத் வாய்ப்பாடு போதும். நேரம் குறைந்தால் பொருளைக் கூட்டு.

இரண்டாவது, போகவிடுவது. வெளிர் நிற மால்ட்டில் ஒரு சேர்மம் உண்டு. அது சூட்டில் உடைந்து டைமெத்தில் சல்ஃபைடு ஆகும், வேகவைத்த சோளம் மாதிரி நாறும். பாத்திரத்தைத் திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். மிக வெளிரான பில்ஸ்னர் மால்ட்டுக்கு 90 நிமிடம் என்று பழைய வழக்கமே இருக்கிறது. என் முதல் அரை மணி நேர பில்ஸ்னரில் கசப்பு துல்லியமாக இருந்தது, கூடவே சோள வாடையும் இருந்தது. எதையும் கூடுதலாகப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. ஒன்று வெளியேற வேண்டும் என்றால் அதற்கு நேரமும் திறந்த மூடியும்தான் வழி.

மூன்றாவது, தண்ணீர் வற்றுவது. என் அடுப்பில் ஒரு மணி நேரத்தில் நான்கு லிட்டர் வற்றும், அரை மணியில் இரண்டுதான். கொதியைக் குறைக்கிறவன் ஹாப்ஸை மட்டும் கூட்டினால் போதாது, ஆரம்பத்திலேயே இரண்டு லிட்டர் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் நீர்த்துவிடும். அதாவது நேரம் குறைவாக இருக்கிறவன் கொண்டுவரும் சுமையையும் குறைக்க வேண்டும். இதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யவில்லை. அலுவலக போனையும் அதன் நூறு செய்திகளையும் அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தொழிலிலேயே இது பழைய பாடம். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975இல் எழுதினார். எந்த வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியும், எதை முடியாது என்று பார்க்காமல் மனித மாதங்களைக் கூட்டிக் கழிப்பதுதான் அவர் காட்டிய பிழை. என் 156, 168 கணக்கும் அதே பிழைதான். அப்பாவோடு இருக்கும் நேரத்தில் எடுக்கிற வேலையும் உண்டு. வங்கிக்குப் போவது, டாக்டரைப் பார்ப்பது, பழைய கதை கேட்டுப் பதிவு செய்வது. இவற்றை மூன்று வாரத்தில் அடர்த்தியாகச் செய்யலாம், இன்னும் நன்றாகவே செய்யலாம். போகவிடுகிற வேலை வேறு. அம்மாவின் கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரியை மாற்றலாமா வேண்டாமா என்று எனக்கும் அவருக்கும் வந்த சண்டை இன்னும் முழுசாகப் போகவில்லை. அதைப் பேசித் தீர்க்கலாம் என்று ஒரு நாளைக் குறித்து உட்கார்ந்தால் இருவரும் வாயைத் திறப்பதில்லை. எப்போதாவது, மின்சாரம் போன ஒரு மாலையில், எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு வாக்கியம் சொல்வார். நான் ஒன்று சொல்வேன். கொஞ்சம் ஆவி போகும். எந்த ஞாயிறு என்று முன்கூட்டித் தெரியாது.

*

இங்கே நிறுத்தினால் இது இன்னொரு 'நிதானமே நல்லது' கட்டுரையாகிவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கொதி நேரம் பல இடங்களில் வெறும் பழக்கம்தான். கொஞ்சம் கூடுதலாக வறுத்த மால்ட்டில் அந்தச் சோள வாடைக்கான பொருள் குறைவு, அரை மணிக் கொதியே தாராளம். பழைய வழக்கம் என்பதற்காக எரிவாயுவை எரிப்பது பக்தி, சமையல் அல்ல.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம். அந்த நீண்ட நேரம் யாருடையது? அம்மாவின் கஷாயத்தை நினைத்து உருகும்போது, முக்கால் மணி நேரம் சின்னத் தீ முன்னால் நின்றது அவள்தான் என்பதை மறந்துவிடுகிறேன். விறகடுப்பில் பாட்டி வைத்த பருப்பின் ருசியைச் சிலாகிக்கிறவர்கள் அவள் இருமலைச் சேர்த்துச் சொல்வதில்லை. குக்கர் வந்தபோது ருசி போச்சு என்று முதலில் முனகியவர்கள் பெரும்பாலும் அடுப்படிப் பக்கம் போகாத ஆண்களாகத்தான் இருந்திருப்பார்கள். நம் வீடுகளில் பெண்களுக்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தவற்றில் குக்கரும் ஒன்று. ஆகவே நேரத்தைக் குறைப்பது சில சமயம் நியாயமும்கூட. 'ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா' என்று பழமொழி கேட்கிறது. ஆக்கியது யார், பொறுத்தது யார் என்று அதையும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதை என் விஷயத்தில் போட்டுப் பார்த்தால், நான் சியாட்டில் போகும் வருடங்களில் அப்பாவின் காய்ச்சலுக்குச் சின்னத் தீ முன்னால் நிற்கப் போவது யார்? பக்கத்து வீட்டு அக்கா. இல்லை, சம்பளத்துக்கு வைக்கும் ஒருவர். என் நேரத்தை நான் ஹாப்ஸாக மாற்றவில்லை, இன்னொருவரின் நேரமாக மாற்றுகிறேன். அதில் தப்பு என்று சொல்லமாட்டேன், உலகமே அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கணக்கில் அந்த வரி இருக்க வேண்டும். என் கணக்கில் அது இல்லை.

*

கடைசியாக ஒரு நுணுக்கம், முதலில் சொல்லாமல் விட்டது. ஹாப்ஸ் குறிப்பில் 60, 15, 5 என்று எழுதியிருந்தால் அது கொதி தொடங்கியதிலிருந்து எண்ணுவது அல்ல. அடுப்பை அணைக்கும் நொடியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. 15 என்றால் அணைக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கும்போது. அதனால்தான் கொதியைப் பாதியாக்கினாலும் 15, 5 தவணைகளில் கைவைக்க வேண்டியதில்லை. முதல் தவணையை மட்டும் திருத்தினால் போதும். எல்லாம் முடிவிலிருந்து அளக்கப்படுகிறது.

டின்செத் வாய்ப்பாட்டை நம்பி நான் போட்ட கணக்கு எல்லாம் அடுப்பை அணைப்பவன் நானாக இருந்தவரை சரி. அம்மா விஷயத்தில் நாங்கள் அறுபது நிமிடம் இருக்கிறது என்று நினைத்தோம். வருடம் முழுக்கச் சேர்த்து வைத்து மூன்று வாரத்தில் கொடுக்கிறேன் என்பவன், அந்த மூன்று வாரம் எப்போதும் கொதி நேரத்துக்குள் விழும் என்று நம்புகிறான். வாரம் மூன்று மணி நேரத்துக்கு அந்த நம்பிக்கை அவ்வளவாகத் தேவையில்லை. வாய்ப்பாட்டில் நேரத்துக்குப் பூஜ்யம் போட்டால் எத்தனை கிலோ ஹாப்ஸ் கொட்டினாலும் விடை பூஜ்யம்தான்.

வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இது சரியான விடை என்று யாருக்கும் சொல்லமாட்டேன். வீட்டுக் கடனும் தங்கையின் படிப்பும் தலைமேல் இருக்கும் என் நண்பன் இதே கணக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், அவன் செய்ததும் சரிதான். எனக்கு அந்த நெருக்கடி இல்லை என்பதும் என் முடிவில் ஒரு பங்கு.

அப்பாவிடம் அடுத்த ஞாயிறு சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னைக் காரணமா எழுதலையே?"

"இல்லப்பா. சொந்தக் காரணம்னுதான் எழுதினேன்."

"நாளைக்கு உனக்கு வருத்தம் வந்தா என் தலையில ஏத்தாத. நான் இருன்னு சொல்லல."

"சரிப்பா."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்காக என்று சொன்னால் அது அவர் கேட்காத கடன். எனக்காக என்று சொன்னால் முழு உண்மை இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சம்பளம் எவ்வளவு குடுத்திருப்பான்?" என்றார். சொன்னேன். அன்றைய பேப்பரின் ஓரத்தில் டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தார், ஓய்வுபெற்ற பேங்க் குமாஸ்தாவின் சுத்தமான எண்களில். பெருக்கி முடித்து ஒரு தடவை சரிபார்த்தார்.

"பைத்தியக்காரா" என்றார். பிறகு காபி போட எழுந்து போனார். நான் போனை அணைத்து ஷெல்ஃபின் மேல் வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.